இரண்டு பாஸ்போர்ட், ஒரு குடும்பம்: வங்கிக் கணக்கும் அமானிதமே

தர்மபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டியைச் சேர்ந்த ஒரு சகோதரர், துபாயில் பதினான்கு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, வயதான பெற்றோரைக் கவனிக்க வேண்டும் என்று குடும்பத்தோடு ஊர் திரும்பியிருக்கிறார். அவருடைய மனைவி மலேசியக் குடியுரிமை உள்ளவர். இப்போது ஓ.சி.ஐ. அட்டையுடன் இங்கேயே வசிக்கிறார். இருவரும் நம்மிடம் ஒரு கேள்வியுடன் வந்தார்கள்.

“ஹஜ்ரத், என்னோட என்.ஆர்.இ. கணக்கு அப்படியே ஓடிட்டிருக்கு. இவங்களுக்குக் கோலாலம்பூர் பேங்க்ல சேமிப்பு இருக்கு, தாபுங் ஹாஜியிலயும் கொஞ்சம் இருக்கு. இதையெல்லாம் இங்கே காட்டணுமா? மலேசியாவுல இருக்கிறது இங்க யாருக்குத் தெரியப் போகுதுன்னு மச்சான் சொல்றார்.”

இது அந்த ஒரு வீட்டின் கேள்வி அல்ல. வளைகுடா, மலேசியா, சிங்கப்பூர், இலங்கை, பிரிட்டன் என்று சம்பந்தம் செய்துகொண்ட தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றிலும் இதே கேள்வி இருக்கிறது. பெரும்பாலும் மச்சான் சொல்லும் பதிலோடு அது முடிந்தும் விடுகிறது. அந்தப் பதில் இன்று சட்டப்படியும் தவறு, மார்க்கப்படியும் தவறு.

யாருக்குத் தெரியப் போகிறது?

வரித்துறைக்குத் தெரியும். நிதிக் கணக்கு விவரங்களை நாடுகள் ஆண்டுதோறும் தாமாகவே பரிமாறிக்கொள்ளும் சர்வதேச ஏற்பாட்டில் இந்தியா, மலேசியா, ஐக்கிய அரபு அமீரகம், சிங்கப்பூர் எல்லாமே இருக்கின்றன. அமெரிக்காவோடு இதற்கென 2015-இல் தனி ஒப்பந்தமும் கையெழுத்தானது.

2024 நவம்பரில் மத்திய நேரடி வரிகள் வாரியம் ஒரு விழிப்புணர்வு இயக்கம் நடத்தியது. வெளிநாட்டுச் சொத்து இருப்பதாகத் தகவல் வந்தும் கணக்கில் காட்டாதவர்களுக்குக் குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் போயின. அதன்பின் 24,678 பேர் தங்கள் வருமான வரிக் கணக்கைத் திரும்பப் பார்த்தார்கள். வெளியே வந்த வெளிநாட்டுச் சொத்தின் மதிப்பு 29,208 கோடி ரூபாய். யாருக்கும் தெரியாது என்று நினைத்தவர்கள் இவர்களிலும் இருந்திருப்பார்கள்.

பாஸ்போர்ட் வேறு, வசிப்பு வேறு

நம் மக்கள் குழம்பும் முதல் இடம் இதுதான். இந்தியா இரட்டைக் குடியுரிமையை அனுமதிப்பதில்லை. ஓ.சி.ஐ. அட்டை நீண்டகாலம் வந்து தங்கும் உரிமையைத் தருமே தவிர, குடியுரிமையைத் தராது. ஆனால் இந்திய வருமான வரி பெரும்பாலும் பாஸ்போர்ட்டைப் பார்ப்பதில்லை. ஆள் எங்கே வசிக்கிறார் என்றே பார்க்கிறது. ஓர் ஆண்டில் 182 நாள் இங்கே இருந்தால், மலேசியக் குடிமகளும் இந்திய வரிச் சட்டத்தில் ‘வசிப்பவர்’தான். குடியுரிமையை வைத்தே உலகம் முழுதும் ஈட்டியதற்குக் கணக்குக் கேட்கும் பெரிய நாடு அமெரிக்கா. அமெரிக்கக் குடியுரிமை உள்ள மருமகனோ மருமகளோ வந்திருக்கும் வீட்டார் இதைத் தனியாக நினைவில் வைக்க வேண்டும்.

2020 பட்ஜெட்டில் வளைகுடாவில் இருப்பவர்களிடம் ஒரு பயம் கிளம்பியது. வேறு எந்த நாட்டிலும் வரி கட்டாத இந்தியக் குடிமகனை இங்கே வசிப்பவராகக் கருதுவோம் என்று அறிவித்தார்கள். மறுநாளே, நேர்மையாக வெளிநாட்டில் உழைப்பவர்களின் சம்பளத்துக்கு வரி போடுவது நோக்கம் அல்ல என்று அரசு விளக்கியது. சட்டமானபோது, வெளிநாட்டு வருமானம் நீங்கலாக 15 லட்சம் ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கே அது பொருந்தும் என்று வரம்பு வைக்கப்பட்டது. துபாய்ச் சம்பளத்துக்கு இந்தியா வரி கேட்கிறது என்று இன்றும் வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியை நம்ப வேண்டாம்.

ஊர் திரும்பியவர்களுக்குச் சட்டமே சற்று அவகாசம் தருகிறது. முந்தைய பத்து ஆண்டுகளில் ஒன்பது ஆண்டுகள் இங்கே வசிக்காதவராக இருந்தாலோ, முந்தைய ஏழு ஆண்டுகளில் மொத்தம் 729 நாட்களுக்கு மேல் இந்தியாவில் தங்காமல் இருந்தாலோ, வெளிநாட்டில் இருக்கும் சேமிப்பின் வருமானத்துக்கு இங்கே பொதுவாக வரி இல்லை. இந்தச் சகோதரரும் அவருடைய மனைவியும் இப்போது அந்த நிலையில்தான் இருக்கிறார்கள். அது முடிந்ததும் மலேசியக் கணக்கின் வருமானம் இங்கே வரிக்கு உட்படும். கணக்கையும் வருமான வரிப் படிவத்தின் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கறுப்புப் பணச் சட்டம் 2015-இன்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கலாம். அசையாச் சொத்து தவிர்த்த மதிப்பு 20 லட்சத்துக்குள் இருந்தால் 2024 அக்டோபர் முதல் அந்த அபராதத்தில் சலுகை உண்டு. ஆனால் காட்ட வேண்டிய கடமை அப்படியேதான் இருக்கிறது.

மனைவி தம் மலேசியக் கணக்கை மூட வேண்டுமா? வேண்டாம். வெளிநாட்டில் வசித்தபோது ஈட்டியதை அங்கேயே வைத்துக்கொள்ள ஃபெமா சட்டம் அனுமதிக்கிறது. சட்டம் கேட்பது மறைக்காமல் இருப்பதைத்தான்.

கணக்கின் பெயர் மாற வேண்டும்

கணவரின் என்.ஆர்.இ. கணக்கு வேறு விஷயம். நிரந்தரமாகத் தங்கும் எண்ணத்தோடு திரும்பியதுமே வங்கியிடம் சொல்லி அதைச் சாதாரணக் கணக்காக மாற்ற வேண்டும். அதன் வட்டிக்கு வரி இல்லை என்பது வெளிநாட்டில் வசிக்கும்வரைதான். அதேபோல் வெளிநாடு போகிறவர் ஊரிலுள்ள பழைய சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றிவிட்டுப் போக வேண்டும். அதை ஒத்திப்போட்டே பல ஆண்டுகள் ஓட்டியவர்கள் நம்மில் அதிகம். என்.ஆர்.ஓ. வட்டியில் 30 சதவீதமும் கூடுதல் வரியும் பிடிப்பார்கள். அமீரகத்தில் வசிப்பவர் அந்நாட்டின் வரி வசிப்புச் சான்றிதழைக் கொடுத்தால், இரு நாட்டு ஒப்பந்தப்படி இது 12.5 சதவீதமாகக் குறையும்.

வட்டி வேண்டாம், கணக்கில் வேண்டும்

நம்மவர்கள் செய்யும் இன்னொரு தவறும் உண்டு. “வட்டியை நான் தொடுவதே இல்லை, ஏழைக்குக் கொடுத்துவிடுகிறேன், அதனால் வருமானத்தில் காட்டவில்லை” என்கிறார்கள். வட்டியை ஒதுக்குவது பேணுதல். ஆனால் உங்கள் பெயரில் வரவான வட்டி சட்டத்தின் கண்ணில் உங்கள் வருமானமே. தாபுங் ஹாஜி தருவதற்கு ஹிபா என்று பெயர் இருந்தாலும், காட்ட வேண்டிய இடத்தில் காட்டத்தான் வேண்டும். ஹராமிலிருந்து ஒதுங்கப் போய்ப் பொய்க் கணக்கில் விழக் கூடாது. வட்டியே வேண்டாம் என்பவர்கள் நடப்புக் கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

அரசுக்குக் கட்டிய வரி ஜகாத் ஆகாது. கணவனின் ஜகாத் கணவனுக்கு, மனைவியின் ஜகாத் மனைவிக்கு. மஹரும் அவருடைய சம்பாத்தியமும் அவருக்கே சொந்தம் என்று மார்க்கம் சொல்கிறது. இந்திய வரிச் சட்டமும் கணவன், மனைவி இருவரையும் தனித்தனி ஆளாகவே பார்க்கிறது. மனைவிக்கு அன்பளிப்பாகக் கொடுத்த பணத்தின் வருமானத்தை மட்டும் கணவன் கணக்கில் சேர்க்கிறது. எனவே எது மஹர், எது அவர் சம்பாதித்தது, எது அன்பளிப்பு என்று எழுதி வைப்பது இரண்டு கணக்குக்கும் உதவும்.

மௌத்துக்குப் பிறகு

2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம். ஆனால் நாமினி வாரிசு அல்ல என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லிவிட்டன. வங்கி கொடுக்கும் பணத்தை வாங்கி உரியவர்களிடம் சேர்க்கும் பொறுப்பு அவருடையது. பிள்ளைகள் உள்ள கணவர் இறந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, பெற்றோர் இருந்தால் ஒவ்வொருவருக்கும் ஆறில் ஒன்று. கோலாலம்பூரில் கணக்கு இருப்பதே பாப்பாரப்பட்டிக்குத் தெரியாவிட்டால் இந்தப் பங்கை யார் பிரிப்பது? பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் சேர வேண்டியது கேட்பாரற்றுக் கிடக்கும். வரித்துறைக்கு மறைப்பதாக நினைத்து, கடைசியில் வாரிசுகளுக்கு மறைத்ததாகிவிடும்.

அந்தத் தம்பதிக்கு நாம் சொன்னது இவ்வளவுதான்: இந்த வாரமே வங்கிக்குப் போய் வசிப்பு நிலை மாறியதைச் சொல்லுங்கள். இரு நாட்டிலும் உள்ள கணக்குகளை ஒரே தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள். எந்த நாளில் எந்த நாட்டில் இருந்தீர்கள் என்பதற்குப் பாஸ்போர்ட் நகல்களைப் பத்திரப்படுத்துங்கள். வெளிநாட்டு வருமானம் தெரிந்த ஆடிட்டரைப் பாருங்கள். புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் அமலாவதால், பழைய பிரிவு எண்களை வைத்துச் சொல்லப்படும் ஆலோசனையை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மச்சானிடமும் இதைச் சொல்லுங்கள். அவரும் அடுத்த ஆண்டு ஊர் திரும்ப இருக்கிறாராம்.