சதுப்பின் விளிம்பில் எழும் மாடங்கள்

எங்களை வளர்ச்சியின் பகைவர்கள் என்கிறார்கள். சென்னையின் தெற்கே, பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய தெருக்களில் வசிக்கும் நாங்கள், பெரிய அடுக்குமாடித் தொகுப்பு ஒன்று எழும்போதெல்லாம் மனு எழுதுகிறோம். உடனே, ‘நீங்களும் ஒரு காலத்தில் வந்து குடியேறியவர்கள்தாமே, ஏறியபின் ஏணியை இழுத்துக்கொள்வது என்ன நியாயம்?’ என்ற கேள்வி வருகிறது. கூர்மையான கேள்விதான். ஆனால் எங்கள் மனுவைப் படித்தவர் அதைக் கேட்டிருக்க மாட்டார். வீடு கட்டாதீர்கள் என்று நாங்கள் எங்கும் எழுதவில்லை. எங்களைக் கேளாமல் கட்டாதீர்கள் என்றே எழுதுகிறோம்.

கேட்கவேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை என்பதை நண்பர்களில் பலர் அறியமாட்டார்கள். 2006 செப்டம்பரில் மத்திய அரசு வெளியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டடப் பரப்புள்ள திட்டங்களுக்கு முன் அனுமதி தேவை. சுரங்கமோ பேராலையோ வருவதென்றால் அவ்வூர் மக்களை அழைத்துக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தவேண்டும். கட்டடத் திட்டங்களுக்கும் நகரியங்களுக்கும் அந்த அறிவிக்கையே கூட்டத்திலிருந்து விலக்கு அளித்துவிட்டது. ஆயிரம் குடும்பங்கள் குடியேறப்போகும் செய்தியை அடுத்த தெருவில் இருப்பவன் தகரவேலியைப் பார்த்தே தெரிந்துகொள்கிறான். விண்ணப்பத்தைத் தேடிப் பிடித்தாலும் அது ஆங்கிலத்தில் இருக்கிறது, வரைபடங்களோடும் சுருக்கெழுத்துகளோடும்.

கேட்டிருந்தால் நாங்கள் என்ன சொல்லியிருப்போம்? முதலில் மண்ணைப் பற்றிச் சொல்லியிருப்போம். புதிய மனையில் லாரி லாரியாக மண் கொட்டிச் சாலையைவிட நாலைந்து அடி உயர்த்துகிறார்கள். அவர்கள் வளாகத்தில் நீர் நிற்காது, உண்மைதான். அது எங்கள் கூடத்தில் நிற்கும். மழைநீர்ச் சேகரிப்புக் கிணறுகள் அமைத்திருக்கிறோமே என்று திட்ட அறிக்கை சொல்லும். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே ஓரடி தோண்டினாலே நீர் ஊறுகிறது. ஏற்கெனவே நிறைந்த குடத்தில் இன்னும் எவ்வளவு ஊற்றுவீர்கள்? இதை அறியப் பொறியியல் பட்டம் வேண்டாம், இங்கே இரண்டு மழைக்காலம் வாழ்ந்திருந்தால் போதும்.

பிறகு நீர் போகும் வழி. மேற்கிலும் தெற்கிலும் உள்ள முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீர் இந்தச் சதுப்பில் சேர்ந்து, ஒக்கியம் மடு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடல் புகவேண்டும். அகன்ற தாம்பாளத்துக்கு ஒரே ஒரு மூக்கு. தாம்பாளத்தைச் சுருக்கிக்கொண்டே போனால் விளிம்பு வழியாகத்தான் வழியும். 2015 டிசம்பரில் வழிந்தது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலின்போது, பள்ளிக்கரணையிலும் பெரும்பாக்கத்திலும் படகு விட்டு மக்களை மீட்டார்கள்.

‘எங்களுடையது பட்டா நிலம்’ என்பது கட்டுமானத் தரப்பின் கடைசி வாதம். பட்டா என்பது வருவாய்த் துறைக்கும் உரிமையாளருக்கும் இடையிலான ஏற்பாடு. அதில் தண்ணீர் கையெழுத்திடவில்லை. அரசும் இதில் சளைத்ததன்று. நுங்கம்பாக்கம் ஏரியிருந்த இடத்தில்தான் 1976-இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. கடல்சார் தொழில்நுட்பத்தை ஆராயும் தேசிய நிறுவனத்துக்கும் இந்தச் சதுப்பிலேயே இடம் கிடைத்தது. நீர்வழியை ஆக்கிரமித்தார்கள் என்று சொல்லிக் கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து அகற்றிய ஏழைக் குடும்பங்களை அரசு எங்கே கொண்டுவந்து இறக்கியது? இதே பெரும்பாக்கத்தில். அவர்களையும் யாரும் கேட்கவில்லை. ஆகவே இந்தச் சண்டையை வீடுள்ளவனுக்கும் வீடற்றவனுக்கும் இடையிலானதாகச் சித்திரிப்பதை நாங்கள் ஏற்கமாட்டோம். கோடியைத் தொடும் விலைக்கு விற்கும் வீடுகளை ஏழையின் பெயரால் நியாயப்படுத்துவது ஆபாசம்.

அந்த விற்பனைத் துண்டறிக்கைகளின் மொழி தனி ஆய்வுக்கு உரியது. ‘நீர்ப்பறவைகளின் இசையோடு விடியும் காலை’ என்ற தோரணையில் எழுதுகிறார்கள். எந்த நீரை ஒதுக்குகிறார்களோ அதுவே விலையை ஏற்றும் காட்சியாகவும் ஆகிறது. பூநாரையைப் பன்னிரண்டாம் மாடியிலிருந்து பார்க்கலாமாம். அது இரை தேடும் சேறு எங்கே போயிற்று என்று வாங்குபவரும் கேட்பதில்லை.

2022-இல் பள்ளிக்கரணை ராம்சார் பட்டியலில் சேர்ந்தது, சுமார் 1,248 ஹெக்டேர் பரப்போடு. நாங்களும் மகிழ்ந்தோம். ஆனால் பட்டியலில் சேர்ந்த நிலத்தின் எல்லை எந்தச் சர்வே எண்ணோடு முடிகிறது என்பதை ஊரறிய வரைந்து முடிக்காமலேயே கட்டட அனுமதிகள் நடந்தன. பெரும்பாக்கத்தில் ஒரு பெருந்தொகுப்பின் பணிக்கு 2025 அக்டோபர் இறுதியில் சென்னை உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தபோது, அனுமதிகள் எல்லாம் கொடுத்தாகிவிட்டிருந்தன. அஸ்திவாரம் தோண்டியபின் நீதிமன்றத்துக்கு ஓடுவதே குடிமக்களுக்கு விட்டுவைத்திருக்கும் ஒரே வாயில் என்றால், வழக்காட வசதியற்ற தெருக்கள் என்ன செய்யும்?

எங்கள் கோரிக்கை சிறியது. கட்டடத் திட்டங்களுக்கான அந்த விலக்கை மத்திய அரசு நீக்கட்டும். அதுவரை, சதுப்பின் நீர்ப்பிடிப்புப் பகுதியிலாவது, அனுமதிக்கு முன் வார்டு தோறும் ஒரு கூட்டம் நடத்த மாநில அரசு ஆணையிடட்டும். மனையை எவ்வளவு உயர்த்தப் போகிறார்கள், மழைநீர் எந்தக் கால்வாயில் விழும், குடிநீர் லாரிகள் எத்தனை வரும், கழிவுநீர் எங்கே போகும் என்பதைத் தமிழில் நான்கு பக்கத்தில் அச்சிட்டுக் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே வீடுகளில் கொடுக்கட்டும். மழைக்காலத்தில் கூட்டம் வைத்தால் இன்னும் நல்லது. அதிகாரிகள் எங்கள் தெருவுக்குள் நடந்தே வரவேண்டியிருக்கும்.