செத்த நாகினியும் வறுத்த பயறும்

நமது நாட்டில் ஒரு விசித்திரமான நியாயம் இருந்து வருகின்றது. அதாவது, கோயிலில் சொல்லப்படும் கதையைப் பற்றி ஒருவன் "இது எப்படி நடந்திருக்கும்?" என்று கேட்பானேயானால் அவன் நாஸ்திகன், குலத்தைக் கெடுக்க வந்தவன் என்று தூற்றப்படுகின்றான். அதே மனிதன் தொலைக்காட்சியில் காட்டப்படும் கதையைப் பற்றி அதே கேள்வியைக் கேட்பானேயானால் அவன் நல்ல ரசிகன் என்று மதிக்கப்படுகின்றான். கேள்வியும் ஒன்று, கேட்கின்ற வாயும் ஒன்று. ஆனால் ஓரிடத்தில் பாராட்டு, மற்றோரிடத்தில் வசவு. இதன் இரகசியம் என்ன என்பதைப் பற்றியே இவ்வாரம் சிறிது எழுத ஆசைப்படுகின்றோம்.

சமீபத்தில் நாம் காஞ்சிபுரத்திற்கு அடுத்த திருப்புட்குழியில் ஒரு தோழர் வீட்டிற்குச் சென்றிருந்தோம். பட்டு நெசவை நம்பிப் பிழைக்கும் குடும்பம். தோழர் குழித்தறியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். அவருடைய தம்பி மனைவியார் பக்கத்தில் தார் சுற்றிக்கொண்டே, சுவரில் சாய்த்து வைத்திருந்த கைப்பேசியில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் மிகவும் வாடியிருந்தது.

"என்ன தங்கச்சி, ஏதாவது துக்க சமாசாரமா?" என்று கேட்டோம்.

"ஆமாம் அண்ணா, சிவன்யாவைக் கொன்றுவிட்டார்கள்" என்றார்.

நாம் திடுக்கிட்டு, எந்த ஊர்ப் பெண், யார் வீட்டுப் பெண் என்று விசாரித்தோம். தோழர் தறியை நிறுத்திவிட்டுச் சிரித்தார். பிறகுதான் செத்தது மனுஷி அல்ல, நாகினி என்று தெரிய வந்தது.

வாசகர்களில் பலர் அறிந்திருக்கலாம். 2015ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் 'கலர்ஸ்' தொலைக்காட்சியில் 'நாகின்' என்று இந்தியில் ஒரு தொடர் ஆரம்பமாயிற்று. பாலாஜி டெலிபிலிம்ஸ் கம்பெனியார் எடுத்தது. அது தமிழ்க் குரல் கொடுக்கப்பட்டு, 'நாகினி' என்ற பெயரால் நமது வீடுகளிலும் ஓடிற்று. நினைத்தபோது பெண்ணாகவும் நினைத்தபோது பாம்பாகவும் மாறக்கூடிய சிவன்யா என்பவள் தன் பெற்றோரைக் கொன்றவர்களைப் பழி வாங்குவது முதற்பாகம். 2016இல் வந்த இரண்டாம் பாகத்தில் அந்தச் சிவன்யாவே கொல்லப்படுகின்றாள். அவள் மகள் சிவாங்கி பாம்பாகிப் பழி வாங்கக் கிளம்புகின்றாள். தாயும் மகளும் ஆகிய இரண்டு வேஷமும் மௌனி ராய் என்ற ஒரே நடிகைக்கு. 2023க்குள் இப்படியே ஆறு பாகங்கள் வந்துவிட்டன. நமது தங்கையார் பழைய பாகங்களை முதலிலிருந்து கைப்பேசியில் பார்த்துக்கொண்டு வந்து, அன்றைக்குத்தான் அந்தச் சாவுக் கட்டத்தில் வந்து நின்றிருக்கின்றார்.

அவர் சொன்ன குறைகள் மூன்று. முதலாவது: "ஒரு பாகம் முழுவதும் அத்தனை பேரைப் பழி வாங்கினவளுக்குத் தன் உயிரைக் காத்துக்கொள்ளத் தெரியவில்லையா? அந்தச் சக்தி எங்கிருந்து வந்தது, இப்போது எங்கே போயிற்று?" இரண்டாவது: "சிவனுக்கு அவ்வளவு பக்தியாயிருந்தாளே, அந்தச் சாமி ஏன் பார்த்துக்கொண்டிருந்தது?" மூன்றாவது: "அம்மாவைக் கொன்றுவிட்டு அதே முகத்தை மகளென்று கொண்டுவந்தால் நாங்கள் என்ன குருடர்களா?"

நாம் தொடரைப் பார்த்தவர்களல்லோம். ஆயினும் இந்த மூன்று கேள்விகளையும் கேட்டவுடன் நமக்கு உண்டான சந்தோஷத்திற்கு அளவே இல்லை. ஏனெனில் பகுத்தறிவு என்று நாம் ஊர் ஊராகப் போய்ப் பேசி வருவது இதைத் தவிர வேறு என்ன? சக்தி என்றால் அது எங்கிருந்து வருகின்றது என்பது முதற் கேள்வி. காப்பாற்றுகின்றவர் என்றால் ஏன் காப்பாற்றவில்லை என்பது இரண்டாவது கேள்வி. முன்னே சொன்னதற்கும் பின்னே சொன்னதற்கும் ஏன் பொருந்தவில்லை என்பது மூன்றாவது கேள்வி. இம்மூன்றையும் கற்றுக்கொள்ள அவருக்கு எந்தக் கலாசாலையும் வேண்டியிருக்கவில்லை. ஓர் இழை அறுந்தால் அதைத் தேடிப் பிணைத்தாலொழியப் புடவை நேராக வராது என்று தினம் தினம் பார்க்கின்றவருக்குக் காரணமில்லாமல் காரியமில்லை என்பதை யார் கற்பிக்க வேண்டும்?

இனி, "அது வெறும் பொழுதுபோக்குத்தானே, கதைதானே" என்று சிலர் சொல்லுவார்கள். கதையாயிருந்தால் நமக்கு ஒன்றும் ஆட்சேபணை இல்லை. ஆனால் நாகினிக் கதைக்கு அடியில் கிடக்கின்ற நம்பிக்கை வெறும் கதையாக நிற்கவில்லை. பாம்பு தன்னை அடித்தவன் முகத்தை நினைவில் வைத்துக்கொண்டு பழி வாங்கும், பால் குடிக்கும், மகுடிக்கு மயங்கும், மந்திரத்துக்குக் கட்டுப்படும் என்பவையெல்லாம் நமது ஜனங்கள் நிஜமென்று நம்புகின்ற சங்கதிகள். உண்மையில் பாம்புக்கு வெளிக்காது இல்லை. அது மகுடியின் அசைவைத்தான் பார்த்து ஆடுகின்றது. பால் அதற்கு ஆகாரமல்ல. ஒரு முகத்தை வைத்திருந்து பழி தீர்க்கும் மூளையும் அதற்கில்லை. இந்தியாவில் 2000 முதல் 2019 வரையில் வருஷத்துக்குச் சுமார் 58,000 பேர் பாம்புக் கடியால் செத்திருக்கின்றார்கள் என்று ஆராய்ச்சியாளர் கணக்கிட்டிருக்கின்றார்கள். பாம்பு கடித்தவுடன் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் மந்திரிக்கின்றவனிடம் போய்க் கழித்த நேரத்தினால் செத்தவர்கள் இதில் எத்தனை பேர்?

மந்திரத்தால் ஆகாததை மனிதர்கள் செய்திருக்கின்றார்கள். செங்கல்பட்டு ஜில்லா வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் நடந்து வருகின்றது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கு பாம்புகளைப் பிடித்து, விஷத்தை எடுத்துக்கொண்டு, மறுபடி காட்டில் விடுகின்றார்கள். அந்த விஷத்தைக் குதிரைக்குச் சிறுகச் சிறுகச் செலுத்தி, அதன் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளிலிருந்துதான் விஷமுறிவு மருந்து செய்யப்படுகின்றது. வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளத் தோழர்களுக்கு 2023இல் பத்மஸ்ரீ பட்டம் கொடுக்கப்பட்டது. நாகமணியால் பிழைத்தவன் ஒருவனும் இல்லை. ஆனால் காட்டுமிராண்டிகள் என்று ஒதுக்கி வைக்கப்பட்ட இருளர்கள் எடுத்துக் கொடுத்த விஷத்தால் பிழைத்தவர்கள் எத்தனையோ பேர்.

நிற்க. நாம் அந்தத் தங்கையாரிடம், "தொடரைக் கேட்ட இந்தக் கேள்விகளை உங்கள் ஊர்க் கதையிடமும் கேட்டதுண்டா?" என்று கேட்டோம். அவர் பேசவில்லை.

திருப்புட்குழி என்றால் புள்ளின் குழி, அதாவது பறவையின் குழி என்று அர்த்தம் சொல்லுகின்றார்கள். இராவணனால் வெட்டுண்ட ஜடாயுவை இராமன் தகனம் செய்த இடம் இதுவென்றும், விஜயராகவப் பெருமாள் கோயில் குளமே ஜடாயு தீர்த்தம் என்றும் தலபுராணம். நூற்றெட்டு வைணவத் தலங்களில் ஒன்று. இராமாநுஜர் யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்ட ஊரும் இதுவே என்பார்கள். சரி. ஆனால் வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போனால், ஜடாயுவைத் தகனம் செய்தது இங்கேதான் என்று ஒரு குண்டத்தைக் காட்டுகின்றார்கள். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் புள்ளபூதங்குடிக்குப் போனால், ஜடாயுவுக்கு இராமன் ஈமக்கடன் செய்தது இங்கேதான் என்கின்றார்கள். ஆந்திராவில் லேபாட்சியிலும், மலையாளத்தில் சடயமங்கலத்திலும், பறவை விழுந்தது எங்கள் ஊரில்தான் என்கின்றார்கள். ஒரு பறவைக்கு எத்தனை உடல்? எத்தனை தகனம்? ஒரே நடிகை தாயாகவும் மகளாகவும் வந்ததற்கு "நாங்கள் குருடர்களா?" என்று கோபித்துக்கொண்ட நமது ஜனங்கள், ஒரே பிணம் மூன்று ஊரில் எரிந்ததற்கு மட்டும் கன்னத்தில் போட்டுக்கொண்டு போவானேன் என்று கேட்கின்றோம்.

ஜடாயுவினால் இன்றைக்கு யாருக்கும் பெரிய நஷ்டமில்லை என்றே வைத்துக்கொள்ளுவோம். ஆனால் அதே ஊரில் இன்னொரு ஐதீகம் இருக்கின்றது. பிள்ளையில்லாத ஸ்திரீகள் வறுத்த பயற்றை நனைத்து மடியில் கட்டிக்கொண்டு இரவு படுத்து, காலையில் அது முளைத்திருந்தால் மரகதவல்லித் தாயார் அருளால் பிள்ளை பிறக்கும் என்பது. வறுத்த பயறும் முளைக்குமாம்; அதுதான் அதிசயமாம்.

இதில் அதிசயம் என்ன இருக்கின்றது? பயற்றுக்குள் முளைக்கரு என்று ஒன்று இருக்கின்றது. உஷ்ணம் அதைக் கொல்லுமளவுக்கு வறுத்திருந்தால் எந்தத் தாயார் அருளினாலும் அது முளைக்காது. லேசாக வாட்டிய மட்டிலிருந்தால் எந்தத் தாயாரும் இல்லாமலே முளைக்கும். பயற்றை நனைத்து, ஈரத் துணியில் கட்டி, இளஞ்சூட்டில் ஓர் இரவு வைத்தால் முளைவிடும் என்பது சுண்டல் செய்யத் தெரிந்த எந்தப் பெண்ணுக்கும் தெரியும். மனித உடம்பின் சூடு அதற்குப் போதுமானது. ஆகவே அங்கு பரீட்சிக்கப்படுவது பெண்ணின் கர்ப்பப்பையல்ல, அடுப்பின் சூடுதான்.

நாம் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அந்தத் தங்கையார் சுற்றுவதை நிறுத்திவிட்டார். அவருக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம், பிள்ளையில்லை. இரண்டு முறை பயறு கட்டிப் படுத்தாராம். இரண்டு முறையும் முளைக்கவில்லையாம். அன்றிலிருந்து வளைகாப்புக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் அவரை முன்னே வரவேண்டாமென்று உறவினர்கள் சொல்லி வருகின்றார்களாம். பிள்ளையில்லாதது ஒரு துன்பம். பயறு முளைக்காதது அதற்குமேல் ஒரு தீர்ப்பு. எந்த வைத்தியரும் பரிசோதிக்காமல், எந்தச் சாட்சியும் இல்லாமல், ஒரு பிடிப் பயறு ஒரு பெண்ணை மலடி என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது!

தோழர்களே! பிள்ளையில்லாத தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேரிடத்தில் ஆணின் பக்கத்திலும் காரணம் இருக்கின்றது என்பது இன்றைக்கு வைத்தியர்கள் எல்லாரும் ஒப்புக்கொண்ட விஷயம். அப்படியிருக்க, இதுவரையில் எந்த ஆண் பிள்ளையாவது பயறு கட்டிக்கொண்டு படுத்ததுண்டா? அவன் இடுப்பில் கட்டிய பயறு முளைக்கவில்லை என்று யாராவது அவனைச் சுபகாரியத்திலிருந்து ஒதுக்கியதுண்டா? பெண் மடி மட்டுந்தான் பரீட்சைக்கு என்றால், அதை ஏற்படுத்தினது தெய்வமா, ஆண் பிள்ளையா என்பதை யோசித்துப் பாருங்கள்.

இந்தக் கேள்விகளைத் தடுக்கச் சட்டம் ஒன்றும் இல்லை. தடுப்பது பழக்கந்தான். சட்டமோ நமது பக்கம் இருக்கின்றது. விஞ்ஞான மனப்பான்மையையும் ஆராய்ந்து கேட்கும் குணத்தையும் வளர்ப்பது ஒவ்வொரு பிரஜையின் கடமை என்று அரசியல் சட்டத்தில் 1976இல் சேர்த்திருக்கின்றார்கள். மூடநம்பிக்கையைத் தூண்டும் நிகழ்ச்சியைக் காட்டக்கூடாதென்று 1994ஆம் வருஷத்திய கேபிள் தொலைக்காட்சி விதிகளே சொல்லுகின்றன. இவற்றின் பலன் என்னவென்றால், பேய்க் கதைக்கும் பாம்புக் கதைக்கும் முன்னால் "மூடநம்பிக்கையை வளர்ப்பது எங்கள் நோக்கமல்ல" என்று ஒரு வரி ஓடுவதுதான். கள்ளுக்கடை வாசலில் மதுவிலக்குப் பலகை மாட்டினால் கள் மோராகிவிடுமா?

ரசிகர்களின் ஏமாற்றம் ஒன்றும் பலமற்றதல்ல என்பதற்கும் ஓர் உதாரணம் சொல்லுகின்றோம். 1987 ஜனவரி முதல் 1988 ஜூலை வரையில் தூர்தர்ஷனில் 'இராமாயணம்' நடந்தது. பட்டாபிஷேகத்தோடு கதையை முடித்துவிட்டார்கள். உடனே பஞ்சாபிலும் வடநாட்டு நகரங்கள் வேறு சிலவற்றிலும் வால்மீகி வகுப்பைச் சேர்ந்த துப்புரவுத் தொழிலாளிகள், வால்மீகி வருகின்ற உத்தர காண்டத்தையும் காட்டவேண்டுமென்று வேலை நிறுத்தம் செய்தார்கள். தெருவில் குப்பை குவிந்தது. சர்க்கார் இறங்கி வந்தது. உத்தர இராமாயணம் எடுக்கப்பட்டது. தங்கள் பெயருக்குரிய முன்னோரைக் கதையிலிருந்து தள்ளிவிட்டார்களே என்ற அவர்களது சுயமரியாதை உணர்ச்சியை நாம் குறை கூறமாட்டோம். ஆனால் ஒரு கதையின் முடிவுக்காக ஒரு சர்க்காரையே அசைக்கக்கூடிய ஜனங்கள், தங்கள் வாழ்க்கைக் கதையின் முடிவுக்காக அசைக்க முடியாதா?

கடைசியாக, அன்று மாலை நடந்ததைச் சொல்லி முடிக்கின்றோம். தங்கையாரின் மாமியார், அடுத்த வெள்ளிக்கிழமை மூன்றாம் முறையாகப் பயறு கட்ட வேண்டுமென்று பேச்செடுத்தார். தங்கையார் தலை நிமிர்ந்து, "கட்டுகிறேன் அத்தை. அவருக்கும் ஒரு முடிச்சுக் கட்டலாமா?" என்று கேட்டார். வீட்டில் ஒருவரும் பேசவில்லை. தறியும் நின்றுவிட்டது. சற்று நேரம் கழித்து அவருடைய புருஷனே, "கட்ட வேண்டாம். இரண்டு பேரும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சோதித்துக்கொள்ளுவோம்" என்றார்.

பிள்ளை பிறக்குமோ பிறக்காதோ, அது வேறு விஷயம். ஆனால் அந்த வீட்டில் ஒரு கேள்வி பிறந்துவிட்டது. ஆகையால் தொடர் பார்க்கின்ற தாய்மார்களையும் தோழர்களையும் நாம் கேட்டுக்கொள்ளுவது ஒன்றே. தாராளமாய்ப் பாருங்கள், ஏமாந்தால் தாராளமாய்க் கோபித்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் கோபத்தைக் கைப்பேசியோடு அணைத்துவிடாதீர்கள். அதே கேள்வியைக் கோயில் வாசலிலும், கல்யாணப் பந்தலிலும், உங்கள் வீட்டு நடையிலும் கேளுங்கள். நாகினியிடம் கேட்க உரிமையுள்ளதை மரகதவல்லியிடம் கேட்க உரிமையில்லை என்று சொல்லுகின்றவன் எவனோ, அவனுடைய பிழைப்பு எதில் இருக்கின்றது என்பதைச் சற்று விசாரித்துப் பாருங்கள்.