சீட்டில் உள்ள பெயர்

2020 ஜனவரி 30 அன்று, கேரளத்தில் இந்தியாவின் முதல் கொரோனாத் தொற்று உறுதியாயிற்று. அம்மாதிரியைச் சோதித்தறிந்தது நமது சாகணுக்கு அண்மையில், புனேயில் 1952இல் தோன்றிய தேசிய வைராலஜி நிறுவனம். அங்கிருந்த பரிசோதனைக்கூட ஊழியர் நோயாளியைக் கண்டவரல்லர். குழாயில் ஒட்டிய சீட்டே அவர்க்கு ஆதாரம். பார்சல் சீட்டுகளோடு காலங்கழிக்கும் எமக்கு இது நன்கு விளங்கும்.

நம்மவர் பெயருக்கு முன் தந்தையின் முதலெழுத்து நிற்கும். இங்கோ குடும்பப் பெயர் கேட்பர். இன்று ‘மு. வேலன்’, நாளை ‘வேலன் முத்தையா’ என எழுதுவித்தால் ஒருவரே இருவராவர். இரத்தம் ஏற்றும் வேளையில் வகை மாறினால் உயிருக்கே கேடு. ஆகவே அன்பர்களே, ஆதார் அட்டையிலுள்ளபடியே பெயர் சொல்லி, குழாயின் சீட்டைச் சரிபார்த்த பின்னரே எழுங்கள். ஐயமுற்ற ஊழியர் மீண்டும் இரத்தம் கேட்பின் சினவாதீர்கள்.