தொட்டால் குறையுமோ பட்டம்?

"எஞ்சினியருக்குப் படித்தவன் நர்சு வேலைக்கா போகிறான்?"

சென்ற திங்கள் எங்கள் படிப்பகத்தில் எழுந்த கேள்வி இது. கேட்டவர் பழமையில் ஊறியவர் அல்லர். சாத்திரம் பொய், சாதி பொய் என்று மேடை ஏறி முழங்கும் நம் தோழர்! கேட்டுவிட்டுச் சிரித்தார். கூடியிருந்தோரும் சிரித்தனர். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், என் உதட்டோரத்திலும் ஒரு புன்னகை அரும்பிற்று. அந்தப் புன்னகைக்குக் கழுவாயாகவே இதனை எழுதுகிறேன்.

யார் அவன்? பள்ளியில் என்னோடு ஒரே பலகையில் அமர்ந்து படித்தவன். இயந்திரப் பொறியியலில் பட்டம் பெற்றான். தொழிற்சாலை ஒன்றில் வேலையும் பெற்றான். ஒருநாள் அவன் தாயைப் பக்கவாதம் வீழ்த்திற்று. இருபது நாள் மருத்துவமனையில் காத்துக் கிடந்தான். மருத்துவர் வருவார், பார்ப்பார், போவார். மற்றைப் பொழுதெல்லாம் அந்தத் தாயின் உயிரைத் தாங்கி நின்றவை செவிலியரின் கைகள்! இரண்டு மணிக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்க வைத்தனர். ஏன் என்று கேட்டான். உடலின் பாரம் ஒரே இடத்தை அழுத்தினால் அங்கே குருதியோட்டம் குன்றும், தசை அழியும், படுக்கைப்புண் தோன்றும் என்றனர்.

"விசையைப் பரப்பால் வகுத்தால் அழுத்தம் என்று நான்காண்டு படித்தேன். அந்தக் கணக்கை ஓர் உயிரைக் காக்கப் பயன்படுத்துவோரை அன்றுதான் கண்டேன்" என்றான் என்னிடம்.

வேலையை விட்டான். மேல்நிலை வகுப்பில் கணிதத்தோடு உயிரியலும் பயின்றிருந்தமையால், செவிலியர் பட்டப் படிப்பின் கதவு அவனுக்கு அடைபடவில்லை. மீண்டும் நான்காண்டுக் கல்வி! சேர்ந்தான்.

வீடு சும்மா இருக்குமா? தந்தை பேச்சை நிறுத்தினார். பேசி முடித்த திருமணம் முறிந்தது. அத்தை கேட்டார்: "கண்டவர் மலத்தை அள்ளவா கடன் வாங்கிப் படிக்க வைத்தோம்?"

தோழர்களே, அந்தக் கேள்வியைப் பிளந்து பாருங்கள். உள்ளே இரண்டு நச்சு விதைகள் கிடக்கின்றன.

முதல் விதை, தீட்டு. கையால் உழைப்பவன் தாழ்ந்தவன், கழிவைத் தொடுபவன் அவனினும் தாழ்ந்தவன், எதையும் தொடாமலே உண்பவன் உயர்ந்தவன்! வருணத்தின் அரிச்சுவடி வேறென்ன? அதை எரித்தோம் என்று மார்தட்டுகிறோம். எரிந்தது ஏடு மட்டும்தான். அதே பாடத்தைப் பட்டச் சான்றிதழில் மறுபடி எழுதிச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறோம். பொறியைத் தொடும் கை பெருமைக்குரியது, புண்ணைத் தொடும் கை இழிவுக்குரியது என்பவன், கோயிலுக்குள் போகாவிட்டால் என்ன, கருவறையைத் தன் நெஞ்சுக்குள்ளேயே கட்டி வைத்திருக்கிறான்!

இரண்டாம் விதை, "அது பெண்கள் வேலை" என்பது. சங்கப் பாட்டில் செவிலி வளர்ப்புத்தாய்தான், மறுக்கவில்லை. ஆனால் வள்ளுவர் 950ஆம் குறளில் மருத்துவத்தை நான்காகப் பகுத்தாரே! நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, இம்மூன்றோடு அருகிருந்து பணிபுரிபவனையும் சரிநிகராக வைத்தார். 'உழைச்செல்வான்' என்று பெயரும் இட்டார். ஆண்பால் விகுதி! பொதுவாகச் சொன்னார் என்பீர். ஆகட்டும், ஆணை விலக்கவில்லையே!

இந்த மடமை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. பிரிட்டனின் செவிலியர் பேரமைப்பான ராயல் நர்சிங் கல்லூரி 1916இல் தோன்றிற்று. ஆண்களை உறுப்பினராக்க 1960 வரை காத்திருந்தது. அமெரிக்காவில் மிசிசிப்பி மகளிர் பல்கலைக்கழகத்தின் செவிலியர் பள்ளி, ஆண் என்ற ஒரே காரணத்தால் ஜோ ஹோகன் என்பவருக்கு இடம் மறுத்தது. வழக்கு உச்சநீதிமன்றம் ஏறிற்று. 1982இல் ஹோகன் வென்றார். தீர்ப்பை எழுதியவர் யார்? அந்நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர்! ஆண்களை விலக்குவது செவிலியம் பெண்களுக்கே உரியது என்னும் பழங்கருத்தை நிலைக்கச் செய்யும் என்றார் அவர். ஓர் ஆணுக்குக் கதவு திறந்தது. பெண்ணைப் பூட்டியிருந்த கூண்டும் அதே சாவியால் தளர்ந்தது.

"படித்த கணக்கு வீணாயிற்றே!" என்று இரங்குவோரும் உளர். வீணா? கிரிமியப் போரில் 1854ஆம் ஆண்டு ஸ்குட்டாரி மருத்துவமனைக்குச் சென்ற பிளாரன்ஸ் நைட்டிங்கேல், விளக்கை மட்டுமா ஏந்தினார்? எண்களையும் ஏந்தினார்! காயத்தால் மாண்டவரினும் நோயால் மாண்ட வீரரே மிகுதி என்பதை 1858இல் வரைபடமாகத் தீட்டி ஆட்சியாளர் கண்முன் நீட்டினார். இன்றும் 500 மில்லி லிட்டர் மருந்துநீரை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டுமெனில், மில்லி லிட்டருக்கு 20 துளி விழும் குழாயில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 துளி என்று கணக்கிடுபவர் செவிலியரே. பிழைத்தால் தேய்வது பல்சக்கரம் அன்று, மனித உயிர்!

இன்னொரு சூழ்ச்சியும் உண்டு. செவிலியரைத் தேவதை என்பர், தியாகச் சுடர் என்பர். மாலை நீளும், சம்பளம் மட்டும் நீளாது! உச்சநீதிமன்ற ஆணைப்படி 2016இல் அமைந்த குழு, சிறிய தனியார் மருத்துவமனையிலும் செவிலியரின் மாதச் சம்பளம் 20,000 ரூபாய்க்குக் குறையலாகாது என்று பரிந்துரைத்தது. பரிந்துரை ஏட்டில் உறங்கினால் பசி ஆறுமா? தேவதைக்குத்தான் வயிறில்லை, செவிலியருக்கு உண்டு. அவர்கள் கேட்பது பூசையன்று, கூலி!

நோய்க்குச் சாதி தெரியாது. படுக்கையில் விழுந்தவனுக்குத் தன்னைத் தூக்கும் கை ஆணா பெண்ணா என்ற ஆராய்ச்சி தோன்றாது. நலமாக இருக்கும் நமக்குத்தான் இந்த ஆராய்ச்சியெல்லாம்!

என் தோழன் இப்போது மூன்றாம் ஆண்டு பயில்கிறான். வரும் ஞாயிறு படிப்பகத்துக்கு அவனை அழைத்திருக்கிறேன். குருதி அழுத்தம் பார்க்கும் முறையை நமக்குக் கற்றுத்தர இசைந்திருக்கிறான். சிரித்த தோழர்களே, வாருங்கள், முன்வரிசையில் அமருங்கள். முதலில் கை நீட்டப் போவது நான்.