பீடபூமியா, மேட்டுநிலமா?

பள்ளி நிலநூல்களில் இன்றும் 'பீடபூமி' என்றே அச்சிடப்பெறுகின்றது. பீடமும் வடசொல், பூமியும் வடசொல். தென்னார்க்காட்டு உழவர் வாயில் அச்சொல் வருவதில்லை. மேட்டில் இருப்பது அவர்க்குக் கொல்லை; பள்ளத்தில் இருப்பது கழனி. நீர் நில்லா இடமும் நிற்கும் இடமும் அவ்விரு சொற்களிலேயே அடங்கிவிடும்.

புதுச்சேரிக்கு வடமேற்கே திருவக்கரையிலிருந்து தெற்கே நெய்வேலி வரை, கடலோரத் தாழ்நிலத்தின்மேல் ஒரு செம்மண் மேடு எழுந்து கிடக்கின்றது. ஒரே தொடரன்று, பெண்ணையும் கெடிலமும் அதனை அறுத்துக்கொண்டு கடல் புகுகின்றன. நிலநூலார் 'கடலூர் மணற்கல்' என வழங்கும் பாறையே அதன் உடல். திருவக்கரையில் அதனின்று வெளிப்பட்ட கல்மரங்கள் ஏறத்தாழ 2 கோடி ஆண்டு முதுமையுடையன. மேலே முந்திரியும் பலாவும் செழிக்கின்றன. கடலூரையொட்டிய விளிம்பிற்குக் கும்பணிப் படையாளன் கேப்பரின் பெயர் ஒட்டிக்கொண்டது. மேற்கே முதுகுன்றம் விருத்தாசலமாயிற்று. அது வெள்ளையன் வருமுன்பே நேர்ந்த கேடு.

இதனை வெறும் பெயர்ப்பூசல் என்று தள்ளுவோர் நெய்வேலியைப் பார்க்கட்டும். மேட்டில் பெய்யும் மழை மணற்கல்லூடே இறங்கி, கடல்நோக்கிச் சரிந்த அடுக்குகளில் தேங்குகின்றது. பழுப்பு நிலக்கரியும் அவற்றிடையேதான் உள்ளது. சம்புலிங்கனார் தோண்டியது நீர்க்கு, கண்டது கரி. 1956இல் நிறுவனம் அமைந்தது. 1961இல் கரி வெளிப்பட்டது. கரிக்குக் கீழுள்ள நீர் அழுத்தத்தால் பீறிட்டுக் கிடங்கை நிரப்பிவிடும்; ஆதலின் அதனை இரவும் பகலும் இறைத்தால்தான் கரி எடுக்கவியலும். இறைக்க இறைக்கச் சுற்றூர்க் கிணறுகள் தாழ்ந்தன. கடலோரத்தில் உப்புநீர் உட்புகும் அச்சமும் எழுந்தது. 2023 சூலையில் வளையமாதேவியில் பரவனாற்றுக்கு மாற்றுக்கால் வெட்டுவதற்காக, நின்ற நெற்பயிரின்மேலேயே மண்வாரிப் பொறிகள் ஏறின. நிலம் முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றது நிறுவனம். பயிர் யாருடையது?

தக்கணத்தைப் 'பீடபூமி' என உருப்போடும் கடலூர்ச் சிறுவன், தன் வீட்டுக் கொல்லையும் மேட்டுநிலமே என அறிவதில்லை. அம்மேடு நீரை உண்டு வைத்திருக்கும் செய்தியும் அவனுக்கு எட்டுவதில்லை. எட்டியிருந்தால், கிணறு வற்றியபோது வானத்தை மட்டும் நொந்திருக்கமாட்டான். பள்ளிநூல் எழுதுவோர் 'மேட்டுநிலம்' என்று எழுதுக. கொல்லையையும் கழனியையும் அதன்கீழ்ச் சேர்க்க. மழைநீர் மணற்கல்லில் இறங்கும் வழியை ஒரு படமாகவேனும் வரைந்து காட்டுக.