பழைய வீடென்றால் உடைக்கத்தானா?

கொழும்பு கொம்பனித்தெருவில் டி சொய்சா கட்டடம் என்று ஒன்று இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் எழுந்தது. கீழே கடைகள், மேலே குடியிருப்பு. இன்று அது இல்லை. அதே கொம்பனித்தெருவின் மியூஸ் வீதியில் 2010 மே மாதம் படையினரை நிறுத்தி வீடுகளை இடித்தார்கள். நகர அபிவிருத்தி அதிகார சபையைப் பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுபோனதும் அந்த வருஷந்தான்.

"பாலமுனையில இருந்துகொண்டு கொழும்புக் கட்டடத்துக்கு என்னத்துக்கு அழுறீங்க?" என்று கேட்கலாம். அங்கே வைத்த அளவுகோல்தான் நமக்கும் என்பதால் அழுகிறோம்.

1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2இல் ஒரு கோடு கீறுகிறது. கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போன நாள் அது. அதற்கு முந்திய கட்டடம் தானாகவே தொல்பொருள். பிந்தியதென்றால் அமைச்சர் வர்த்தமானியில் அறிவிக்க வேண்டும். கண்டி அரசன் போனதோடு சனங்களின் வரலாறும் முடிந்துவிட்டதா? 2020இல் கிழக்கின் தொல்பொருளுக்கென்று ஜனாதிபதி செயலணி போட்டார்கள். தமிழ் பேசும் மக்கள் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்துக்கு, முதலில் நியமித்தவர்களில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. மண்ணுக்குக் கீழே இருப்பதில்தான் அவர்களுக்கு அக்கறை. மேலே நிற்கிற வீடு கண்ணில் படுவதில்லை.

சரி, நாம் மட்டும் திறமா? நமது கரையில் வீடு பெண்ணின் சொத்து. உம்மாவிடமிருந்து மகளுக்குப் போவது. டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் அக்கரைப்பற்றில் வந்து தங்கி இதையெல்லாம் ஆய்வு செய்து எழுதினார். நாமோ, "பழசு கிடந்து என்ன செய்ய" என்று ஒரு படம்கூட எடுக்காமல் உடைக்கிறோம். எந்த அறை எந்த மகளின் கலியாணத்துக்குக் கூட்டிக் கட்டியது, எந்த வளவைப் பிரித்து யாருக்குக் கொடுத்தது என்பதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அந்தச் சுவர்களில்தான் இருக்கிறது. சுவரோடு சேர்த்து நம் பெண்களின் வரலாற்றையும் உழவு மெஷின் பெட்டியில் ஏற்றி அனுப்புகிறோம்.

ஒழுகுற கூரைக்குக் கீழே யாரும் நூதனசாலைக் காவலாளியாக இருக்கச் சொல்லவில்லை. மகளுக்கு வீடு கட்டத்தான் வேணும். கேட்பது இவ்வளவுதான்: உடைக்க முதல் படம் எடுங்கள், அறைகளைக் கீறி வையுங்கள், மூத்தம்மாவின் கதையை ஃபோனில் பதியுங்கள். புதுக் கட்டடத்துக்கு அனுமதி கொடுக்கிற பிரதேச சபை, உடைபடும் வீட்டின் வயதையும் ஒரு கொப்பியில் எழுதட்டும்.

கொம்பனித்தெருவில் இடிக்கப் படை வந்தது. நமது ஊரில் நாமே போதும்.