பாதரசமும் கேடிஎம்மும்

ஊரிலிருந்து சொந்தக்காரங்க வந்தா, ஹவுரா பாலத்தைத் தாண்டி சோர்பாகான் மார்பிள் பேலஸுக்குக் கூட்டிட்டுப் போறது நம்மாளுங்க வழக்கம். 1835-ல ராஜேந்திர மல்லிக் கட்டினது. உள்ளே ஐரோப்பியச் சிலை, கடிகாரம், சரவிளக்கு... பளபளன்னு எதைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான்: "இதுல எத்தனை பவுன் இருக்கும்?"

தப்பான கேள்வி மக்களே!

இந்த ரசனைக்கு மூலம் 18-ம் நூற்றாண்டு ஐரோப்பா. அங்கே பெரிய வீட்டு மேஜைன்னா தங்க முலாம் பூசின வெண்கல மெழுகுவர்த்தித் தாங்கி வேணும். பர்மிங்காம் மேத்யூ போல்ட்டன், டெர்பிஷயரில் கிடைக்கிற 'ப்ளூ ஜான்' கல்லை வச்சு செஞ்சதை மூன்றாம் ஜார்ஜ் மன்னரே வாங்கினார். (சென்னை மாகாணத்துக்கு 1803-ல செப்புக்காசு அடிச்சதும் இவர் பட்டறைதான்.)

முலாம் எப்படிப் பூசுவாங்க? தங்கத்தைப் பாதரசத்தில் கரைச்சு, வெண்கலத்து மேல தடவி, நெருப்பில் காட்டணும். தங்கம் ஒட்டிக்கும், பாதரசம் ஆவியாயிடும். அந்த ஆவி? வேலை செய்றவர் மூக்குக்குள்ள! கை நடுங்கும், பல் ஆடும், புத்தி தடுமாறும்.

பாரிஸ் வெண்கல வியாபாரி ராவ்ரியோ 1814-ல செத்தார். இந்த ஆவியிலிருந்து தொழிலாளியைக் காப்பாத்த வழி கண்டுபிடிக்கிறவருக்கு 3,000 பிராங்க்னு உயிலில் எழுதி வச்சிருந்தார். 1818-ல தார்செங்கிற வேதியியலாளர் புகையை மேலே இழுத்துப்போற உலை அமைச்சுப் பரிசை வாங்கினார்.

வெள்ளைக்காரன் பழங்கதைன்னு தள்ளாதீங்க. "கேடிஎம் நகையாக்கும்"னு பெருமையடிச்சோமே, அந்தக் கேடிஎம் வேற எதுவுமில்லை, காட்மியம். பற்ற வைக்கும்போது வர்ற புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். இங்கே ஹவுரா டோம்ஜூரில் நகை செய்றவங்களும், இங்கிருந்து கோயம்புத்தூருக்குப் பிழைக்கப் போன பெங்காலி ஆசாரிகளும் அந்தப் புகைக்கு முன்னால உட்கார்றவங்கதான். நாம இங்கே வந்த மாதிரி அவங்க அங்கே.

"அது கடைக்காரர் கவலை"ம்பீங்க. ராவ்ரியோவும் கடைக்காரர்தான் சார்! ஹால்மார்க் நகையில் காட்மியம் கூடாதுங்கிறது நல்ல விதி. ஆனா 916 முத்திரை சொல்றது தங்கத்தோட சுத்தத்தை. பட்டறைக் காற்றோட சுத்தத்தை இல்லை. செய்கூலி சேதாரத்துக்கு அரை மணி நேரம் பேரம் பேசற நாம, "எங்கே செஞ்சது? எதை வச்சுப் பற்ற வச்சீங்க? பட்டறையில் புகைபோக்கி இருக்கா?"ன்னு கேட்க அரை நிமிஷம் ஆகுமா? பத்து வாடிக்கையாளர் கேட்டா, பதினோராவது ஆள் வர்றதுக்குள்ள கடைக்காரர் பதிலைத் தேடி வச்சிருப்பார்.